மூன்று கணினிகளில் ஒரு தனியார் கிளவுட்: நெட்வொர்க்கை எங்கிருந்து தொடங்குவது?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் மாணவர்களுக்கான சிறு பயிற்சிக் கூடம் நடத்துபவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தலா 32 ஜிபி நினைவகம் கொண்ட மூன்று பழைய கணினிகள், எட்டு போர்ட் கொண்ட ஒரு சாதாரண சுவிட்ச், உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு ஆகியவற்றை வைத்து, கொல்லா-ஆன்சிபிள் என்ற நிறுவும் கருவி வழியாக, தனியார் கிளவுட் அமைக்கும் மென்பொருளான ஓப்பன்ஸ்டேக்கை நிறுவியிருக்கிறார். முதல் முயற்சியில் பிரிட்ஜ் (மென்பொருளால் ஆன சுவிட்ச்) சேர்த்தவுடனேயே கணினியின் தொடர்பு அறுந்துபோனது. யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர்களை வாங்கிச் செருகி மறுபடியும் நிறுவிய பின் மெய்நிகர் கணினிகள் எழுகின்றன, வெளியே பிங் போகிறது. ஆனால் சில மெய்நிகர் கணினிகளில் மட்டும் மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் உறைந்து நிற்கிறது. ஒரு வழிகாட்டியைப் பார்த்து எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) மதிப்பை 9000 என்று எழுதியதாகவும் குறிப்பிட்டிருக்கிறார். மாணவர்களின் மடிக்கணினியிலிருந்து ஃபுளோட்டிங் ஐபிக்கு (மெய்நிகர் கணினியை வெளியிலிருந்து அடைவதற்கான முகவரிக்கு) செல்ல முடியவில்லை என்பது மூன்றாவது குறை. மின்வெட்டுக்குப் பின் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வர வேண்டும் என்றும் கேட்கிறார்.

ஒரே நோயின் அறிகுறிகள் போலத் தோன்றினாலும் இந்த மூன்று குறைகளுக்கும் காரணங்கள் வேறு வேறு. முதலிரண்டும் ஓப்பன்ஸ்டேக்குக்கு அடியில் இருக்கும் கார்டு, கேபிள், சுவிட்ச் ஆகியவற்றைச் சேர்ந்தவை. மூன்றாவது, வீட்டு ரவுட்டரோடு முகவரிகளைப் பங்கிட்டுக்கொள்வதில் தொடங்குவது. சோதனைக் கூடத்தில் கிளவுட் நெட்வொர்க் அமைப்பவர்களில் பெரும்பாலோர் நிறுவும் கருவியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் காகிதத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். எந்தக் கார்டு எந்த வேலைக்கு, எந்த முகவரி வரம்பு யாருக்கு, எந்தப் போர்ட்டில் எந்தக் கேபிள் என்று ஒரு பக்கத்தில் எழுதி முடிக்காதவரை நிறுவும் கருவியைத் தொட வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: ஓப்பன்ஸ்டேக்தான் வேண்டுமா? பத்துப் பதினைந்து மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது மட்டுமே நோக்கமென்றால் பிராக்ஸ்மாக்ஸ் என்ற மெய்நிகராக்க மென்பொருளே போதும். அதில் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும். மாணவர்களுக்கு டெனன்ட் நெட்வொர்க் (ஒவ்வொரு பயனருக்குமான தனி நெட்வொர்க்), மெய்நிகர் ரவுட்டர், செக்யூரிட்டி குரூப் (எந்தப் போக்குவரத்தை அனுமதிப்பது என்ற விதித் தொகுப்பு), ஃபுளோட்டிங் ஐபி ஆகியவற்றைக் கற்பிப்பதே நோக்கமென்றால் ஓப்பன்ஸ்டேக்கின் சிக்கல் பாடத்தின் பகுதியாகிவிடுகிறது. உங்கள் நோக்கம் இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் நோவா-நெட்வொர்க், குவாண்டம் என்ற பெயர்கள் தென்பட்டால் உடனே மூடிவிடுங்கள். ஓப்பன்ஸ்டேக்கின் நெட்வொர்க் பகுதியான குவாண்டத்துக்கு 2013-இல் நியூட்ரான் என்று பெயர் மாறிவிட்டது. நோவா-நெட்வொர்க் வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. லினக்ஸ் பிரிட்ஜ் இயக்கியை அடிப்படையாக வைத்து எழுதிய வழிகாட்டிகளும் இன்று பயன்படாது.

தனியார் கிளவுட் ஒன்றின் கணினிகளுக்கு இடையே நான்கு வகைப் போக்குவரத்து ஓடுகிறது. ஓப்பன்ஸ்டேக்கின் சேவைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மேலாண்மைப் போக்குவரத்து. வெவ்வேறு கணினிகளில் இருக்கும் மெய்நிகர் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் டனல் போக்குவரத்து. வெளியுலகுக்குச் செல்லும் போக்குவரத்து. செஃப் போன்ற பகிர்ந்த சேமிப்பு இருந்தால் அதற்கான போக்குவரத்து. பெரிய தரவு மையத்தில் இவை தனித்தனி கார்டுகளில் போகும். உங்கள் கூடத்தில் சேமிப்பை அந்தந்தக் கணினியின் வட்டிலேயே வைத்துக்கொண்டால் நான்காவது வேண்டியதில்லை. மேலாண்மையையும் டனலையும் ஒரே கார்டில் வைக்கலாம். வெளிப் போக்குவரத்துக்கு மட்டும் தனி கார்டு கட்டாயம். கொல்லா-ஆன்சிபிளின் அடிப்படை வழிகாட்டியே இரண்டு நெட்வொர்க் இடைமுகங்கள், 8 ஜிபி நினைவகம், 40 ஜிபி வட்டு ஆகியவற்றைக் குறைந்தபட்சத் தேவையாகச் சொல்கிறது.

முதல் முயற்சியில் தொடர்பு அறுந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கணினியில் ஒரே ஒரு கார்டு இருந்தபோது அதையே வெளி நெட்வொர்க்குக்கான இடைமுகமாகக் கொடுத்திருக்கிறீர்கள். நிறுவும் கருவி அந்தக் கார்டை ஓப்பன் விசுவிட்ச் என்ற மென்பொருள் உருவாக்கும் பிஆர்-எக்ஸ் என்ற பிரிட்ஜுக்குள் சேர்க்கிறது. ஒரு கார்டு அப்படிச் சேர்க்கப்பட்ட பிறகு, அதன்மேல் இருந்த ஐபி முகவரி அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. உள்ளே வரும் பாக்கெட்டுகள் அனைத்தும் பிரிட்ஜிடம் போய்விடுகின்றன, இயக்க முறைமை அவற்றைக் காண்பதில்லை. அந்த முகவரியைப் பிரிட்ஜின் மேல் மாற்றி வைத்தால் தொடர்பு திரும்பிவிடும். ஆனால் அந்த மாற்றத்தை எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியாகவே செய்ய முயல்வது அமர்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலை. விசைப்பலகையையும் திரையையும் அந்தக் கணினியில் நேரடியாக இணைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். வெளி இடைமுகமாகக் கொடுக்கும் கார்டுக்கு ஐபி முகவரியே இருக்கக் கூடாது, அது உயிர்ப்புடன் இருந்தால் மட்டும் போதும் என்ற விதியைக் காகிதத்தில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

யூஎஸ்பி அடாப்டர் சோதனைக்குப் போதும் என்றாலும், நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினி மறுபடி எழும்போது சிலவற்றின் இடைமுகப் பெயர் மாறிவிடும். பெயர் மாறினால் பிரிட்ஜுக்கு வெளிவழி இல்லாமல் போகும். ரிச்சி தெருவில் இரண்டு போர்ட் கொண்ட பழைய கிகாபிட் கார்டுகள் கிடைக்கும். புகழ்பெற்ற நிறுவனங்களின் கார்டுகளைப் போலவே அச்சிட்ட போலிகளும் சந்தையில் உலவுகின்றன என்பதால், காசு கொடுப்பதற்கு முன் ஒரு லினக்ஸ் பென்டிரைவில் கணினியை எழுப்பி கார்டை அது சரியாக அடையாளம் காண்கிறதா, வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேபிளிலும் இதே கவனம் வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவான கேபிள்கள் தாராளமாக விற்கின்றன. தூய செம்பு என்று உறுதியாகத் தெரிந்ததையே வாங்குங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போலக் கடற்காற்று நேரே வீசும் பகுதிகளில் பிளக்கின் உலோகப் பற்கள் நாளடைவில் மங்கி, 1000-இல் ஓடிய இணைப்பு ஓசையில்லாமல் 100-க்கு இறங்கிவிடுவதுண்டு. கிளவுட் மெதுவாகிவிட்டது என்று மென்பொருளில் தேடுவதற்கு முன், ஈத்டூல் கருவியில் இணைப்பின் வேகத்தையும் பிழை எண்ணிக்கையையும் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இடமில்லை என்று மூன்றாவது கணினியை வைஃபையில் இணைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. வைஃபை அணுகுபுள்ளி தன்னோடு இணைந்த மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணிலிருந்து) வரும் தரவுச் சட்டகங்களை மட்டுமே ஏற்கும். மெய்நிகர் கணினிகளுக்கும் மெய்நிகர் ரவுட்டர்களுக்கும் தனித்தனி மேக் முகவரி உண்டு என்பதால், அவற்றின் சட்டகங்கள் அணுகுபுள்ளியிலேயே கைவிடப்படும். மேலாண்மைக்கு வைஃபை ஓடலாம், வெளி நெட்வொர்க்குக்கு ஓடாது.

அடுத்தது முகவரித் திட்டம். உங்கள் வீட்டு ரவுட்டர் எந்த வரம்பைக் கொடுக்கிறது என்று முதலில் பாருங்கள். பல ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரம்பையும், ஜியோ ஃபைபர் பெட்டிகள் 192.168.29 என்ற வரம்பையும் பயன்படுத்துகின்றன. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் தானாக 192.168.122 என்ற வரம்பையும், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் தானாக 172.17 என்ற வரம்பையும் எடுத்துக்கொள்ளும். இவை எதிலும் மோதாமல், மேலாண்மைக்கு 10.20.10, டனலைத் தனியாகப் பிரித்தால் அதற்கு 10.20.20, மாணவர்களின் டெனன்ட் நெட்வொர்க்குகளுக்கு 10.50-இல் தொடங்கும் வரம்பு என்று வகுத்துக்கொண்டால் எந்தப் பாக்கெட் எங்கே பிறந்தது என்பதை எண்ணைப் பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். ஒரு கணினியில் எத்தனை இடைமுகங்கள் இருந்தாலும் இயல்புநிலை கேட்வே ஒன்றில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டில் இருந்தால் ஒரு வழியாக வந்த கேள்விக்கு வேறு வழியாகப் பதில் போகும்; லினக்ஸின் திரும்புவழிச் சோதனை அதைத் தூக்கி எறிந்துவிடும்.

வீட்டு ரவுட்டருக்கும் சோதனைக் கூடத்துக்கும் நடுவே, இரண்டு கார்டுகள் கொண்ட ஒரு பழைய கணினியை ரவுட்டராக நிறுத்துவதே என் முதன்மையான பரிந்துரை. விஒய்ஓஎஸ், ஓப்பிஎன்சென்ஸ் ஆகிய ரவுட்டர் மென்பொருள்களில் ஏதாவது ஒன்றோ, வெறும் லினக்ஸும் சில நேட் (முகவரி மாற்ற) விதிகளுமோ அதற்குப் போதும். மாணவர் ஒருவர் தவறுதலாகத் தம் மெய்நிகர் கணினியில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையைத் திறந்துவிட்டால், அந்தக் குழப்பம் கூடத்துக்குள்ளேயே நிற்கும், கீழ்வீட்டுக்காரரின் தொலைக்காட்சிக்குப் போகாது. அதைவிட முக்கியமான பயன் ஒன்று இருக்கிறது: வாடகை வீடு மாறினாலும், கேபிள்காரரை மாற்றினாலும், உள்ளே இருக்கும் ஒரு முகவரியைக்கூடத் தொட வேண்டியதில்லை. இரட்டை நேட் ஆகிவிடுமே என்ற தயக்கம் இங்கே தேவையற்றது. உள்ளூர் இணைப்புகள் பலவும் ஏற்கனவே சேவையாளரின் பெரு-நேட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையே இருந்தால் உங்கள் இணைப்பும் அப்படிப்பட்டதே. போர்ட் ஃபார்வர்டிங் செய்து வெளியிலிருந்து கூடத்துக்குள் வர முடியாது. மாணவர்கள் வீட்டிலிருந்து நுழைய வேண்டுமென்றால், பொது முகவரி உள்ள ஒரு சிறு வாடகை சர்வருக்குக் கூடத்திலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு ஒன்றைத் தொடங்கி வைக்க வேண்டியிருக்கும்.

இனி, புதுப்பிப்பு உறைந்து நிற்கும் குறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் மிக முக்கியமான சொல் ‘சில மெய்நிகர் கணினிகளில் மட்டும்’ என்பதுதான். அந்தச் சில கணினிகள் எந்த இயற்பியல் கணினியில் ஓடுகின்றன என்று பாருங்கள். மெய்நிகர் ரவுட்டர் ஓடும் முதல் கணினியில் இருப்பவை நன்றாக இயங்கும், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருப்பவை உறையும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படியானால் காரணம் டனலும் அந்த 9000 என்ற எண்ணும்தான்.

வெவ்வேறு கணினிகளில் இருக்கும் மெய்நிகர் கணினிகள் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுபோலத் தோன்றுவதற்காக, நியூட்ரான் அவற்றின் ஈதர்நெட் சட்டகத்தை முழுதாக எடுத்து இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. விஎக்ஸ்லேன் என்பது அதற்கான முறைகளில் ஒன்று. யுடிபி 4789 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது. உள்சட்டகத்தின் ஈதர்நெட் ஹெடருக்கு 14 பைட், விஎக்ஸ்லேனுக்கு 8, யுடிபிக்கு 8, வெளி ஐபிக்கு 20 என்று மொத்தம் 50 பைட் கூடுதலாகச் சேர்கிறது. நியூட்ரானின் புதிய இயக்கியான ஓவிஎன் பயன்படுத்தும் ஜெனீவ் முறையில் இது 58 ஆகும். எனவே, அடியில் இருக்கும் நெட்வொர்க் 1500 பைட் வரை ஏற்குமென்றால் மெய்நிகர் கணினிக்கு 1450 அல்லது 1442 மட்டுமே மிஞ்சும். நியூட்ரானுக்கு இந்தக் கணக்கு தெரியும். டிஹெச்சிபி வழியாக மெய்நிகர் கணினிக்கு அந்தக் குறைந்த எண்ணையே சொல்லிக் கொடுக்கும். நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் எல்லாம் ஓடியிருக்கும்.

நீங்கள் நியூட்ரானின் அமைப்பில் அடிநெட்வொர்க்கின் எம்டியு 9000 என்று எழுதிவிட்டீர்கள். ஆனால் கார்டுகளின் எம்டியு 1500-லேயே இருக்கிறது. நியூட்ரான் உங்கள் வார்த்தையை நம்பி மெய்நிகர் கணினிகளுக்கு 8950 என்று சொல்லியிருக்கும். அவை வெளியே கேட்கும்போது, புதுப்பிப்பு சர்வர் தன் பக்கத்து அளவான 1500 பைட் பாக்கெட்டுகளை அனுப்பும். அவை மெய்நிகர் ரவுட்டர் வரை ஒழுங்காக வந்து, டனலுக்குள் சுற்றப்பட்டவுடன் 1550 ஆகி, கார்டில் ஓசையின்றிக் கைவிடப்படும். வெற்று டிரெய்லர் தாழ்வான ஓர் உயரத் தடுப்பின் அடியில் எளிதாகப் புகுந்துவிடும், அதே டிரெய்லர் கண்டெய்னரை ஏற்றி வந்தால் நின்றுவிடும் அல்லவா, அதுபோலப் பிங் என்ற சின்னப் பாக்கெட் போய்விடுகிறது, தரவு ஏற்றியது சிக்கிக்கொள்கிறது. சாதாரண ரவுட்டராக இருந்தால் ‘பாக்கெட் பெரிதாக இருக்கிறது’ என்று ஐசிஎம்பி செய்தி ஒன்றை அனுப்புபவருக்குத் திருப்பி அனுப்பும். அவரும் அளவைக் குறைத்துக்கொள்வார். இங்கே பாக்கெட் வீழ்வது இரண்டாம் அடுக்கில் என்பதால் அப்படி யாரும் சொல்வதில்லை. எஸ்எஸ்ஹெச் இணைப்பு சாவிப் பரிமாற்றத்தின்போது உறைவதும், வலைத்தளம் பாதுகாப்பு இணைப்பை ஏற்படுத்தும் கட்டத்தில் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

ஊகத்தை உறுதிசெய்ய ஒரு கட்டளை போதும். இரண்டு இயற்பியல் கணினிகளுக்கு இடையே, துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 1472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். அதோடு ஐசிஎம்பியின் 8, ஐபியின் 20 சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போய், 1473 போகாவிட்டால் உங்கள் அடிநெட்வொர்க்கின் உண்மையான எல்லை 1500. 9000 என்று உரிமை கொண்டாட வேண்டுமானால் 8972 பைட் பிங் எல்லாக் கணினிகளுக்கும் இடையே, சுவிட்ச் வழியாக, போக வேண்டும். இந்தச் சோதனையை நிறுவுவதற்கு முன்பே செய்வது நல்லது.

தீர்வு எளிது: 9000 என்ற வரியை நீக்கிவிட்டு மறுபடி அமைப்பைப் பரப்புங்கள். ஏற்கனவே உருவாக்கிய நெட்வொர்க்குகள் பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கும் என்பதால், அவற்றை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள். கிகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு பயிற்சிக் கூடத்தில் 9000-ஆல் கிடைக்கும் ஆதாயம் அதைப் பராமரிக்கும் தொல்லைக்கு ஈடாகாது என்பது என் கணிப்பு. மெய்நிகர் கணினிக்குள் முழு 1500 தேவைப்படுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: மாணவர்கள் மெய்நிகர் கணினிக்குள் டாக்கர் ஓட்டுவார்கள், டாக்கரின் பிரிட்ஜ் இயல்பாக 1500 என்றே எழும், வெளியே இருக்கும் 1450-ஐ அது கண்டுகொள்வதில்லை. கணினியில் புதுப்பிப்பு ஓடுகிறது, அதற்குள் இருக்கும் கண்டெய்னரில் உறைகிறது என்ற புகார் பிறப்பது இப்படித்தான். ஒன்று, டாக்கரின் எம்டியுவை 1450 ஆகக் குறைக்கக் கற்றுக்கொடுங்கள். அல்லது, டனல் கார்டுகளை மட்டும் 1600 ஆக உயர்த்தி, சுவிட்ச் அதை ஏற்கிறதா என்று பிங்கால் உறுதிசெய்து, நியூட்ரானில் அடிநெட்வொர்க்கின் எண்ணை 1550 என்றும் வெளி நெட்வொர்க்கின் எண்ணை 1500 என்றும் தனித்தனியாக எழுதுங்கள். மாணவர்கள் இந்தச் சிக்கலில் ஒருமுறையாவது மாட்டுவது நல்லது என்பதால் நான் முதல் வழியையே தேர்வேன். உங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ வகையாக இருந்தால் வெளியே இருக்கும் எல்லை 1500 அல்ல, 1492 என்பதையும் நினைவில் வைத்து, நடுவில் நிற்கும் ரவுட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் செல்லும் தரவின் உச்ச) அளவைக் கட்டுப்படுத்தும் விதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

டனலே வேண்டாம் என்றால், ஒரே சுவிட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் இருக்கிறது. அதில் இந்த 50 பைட் தொல்லை கிடையாது. 12 பிட் எண் என்பதால் 4094 நெட்வொர்க்குகள் வரை வைக்கலாம். விஎக்ஸ்லேனின் 24 பிட் எண்ணில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல் வைக்கலாம் என்றாலும் ஒரு வகுப்பறைக்கு அந்த வித்தியாசத்தால் பயனில்லை. ஆனால் விலேனுக்கு நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் வேண்டும். உங்களிடம் இருக்கும் சாதாரண சுவிட்ச் விலேன் குறியிட்ட சட்டகங்களை ஒருவேளை கடத்தும், அவற்றைப் பிரித்து வைக்காது. எட்டு போர்ட் கொண்ட, விலேன் தெரிந்த சுவிட்ச் இன்று பெரிய செலவில்லை. மேலாண்மையையும் வெளியையும் அதில் பிரித்து வைப்பதற்காகவாவது ஒன்றை வாங்குவது தகும்.

மூன்றாவது குறையான ஃபுளோட்டிங் ஐபியில், காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கக்கூடும். வெளி நெட்வொர்க்கை நியூட்ரானில் உருவாக்கும்போது அதில் டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரவுட்டரும் நியூட்ரானும் ஒரே கம்பியில் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும். ஃபுளோட்டிங் ஐபிக்கான வரம்பை, எடுத்துக்காட்டாக 200 முதல் 240 வரை, ரவுட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் மாணவரின் கைபேசியும் மெய்நிகர் கணினியும் ஒரே முகவரியைக் கோரி, சில நேரம் ஓடுவதும் சில நேரம் ஓடாததுமாக அலைக்கழிக்கும். மெய்நிகர் கணினியின் இயல்புநிலை செக்யூரிட்டி குரூப், வெளியே போகும் அனைத்தையும் அனுமதிக்கும். உள்ளே வருவதில் அதே குழுவைச் சேர்ந்தவற்றை மட்டுமே அனுமதிக்கும். ஐசிஎம்பிக்கும் டிசிபி 22-க்கும் விதி சேர்க்காதவரை மடிக்கணினியிலிருந்து பிங்கும் வராது, எஸ்எஸ்ஹெச்சும் வராது. புதிதாகக் கற்பவர்களின் ‘ஓடவில்லை’ என்ற புகார்களில் பெரும்பங்கு இதனால்தான். இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லையென்றால், மடிக்கணினிகள் எந்த வைஃபையில் இருக்கின்றன என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை, கம்பி வழி நெட்வொர்க்கோடு பேச விடாது. நடுவே ரவுட்டர் வைத்துவிட்ட பிறகு, மடிக்கணினிகளுக்கு அந்த ரவுட்டருக்குப் பின்னால் ஒரு தனி அணுகுபுள்ளி வைப்பதே நேர்வழி.

ஃபுளோட்டிங் ஐபி என்பது மெய்நிகர் கணினிக்குள் தெரியாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அது மெய்நிகர் ரவுட்டரில் நடக்கும் முகவரி மாற்றம் மட்டுமே. உள்ளே ஐபி கட்டளை கொடுத்தால் 10.50-இல் தொடங்கும் முகவரிதான் காட்டும்.

எதுவும் பிடிபடாதபோது, பாக்கெட் எங்கே மறைகிறது என்று டிசிபிடம்ப் கருவியால் ஒவ்வொரு நிறுத்தமாகத் தேடிச் செல்ல வேண்டும்: மெய்நிகர் கணினியின் டேப் இடைமுகம், டனல் செல்லும் கார்டு, ரவுட்டர் இருக்கும் கணினியின் அதே கார்டு, கடைசியாக வெளிக் கார்டு. ஒரு நிறுத்தத்தில் தெரிந்து அடுத்ததில் தெரியவில்லையென்றால் குறை அவ்விரண்டுக்கும் இடையே இருக்கிறது. ஓப்பன் விசுவிட்ச் ஏஜென்ட் முறையில் ஒவ்வொரு மெய்நிகர் ரவுட்டரும் கியூரவுட்டர் என்று தொடங்கும் ஒரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸாக (லினக்ஸுக்குள் தனித்துப் பிரித்த நெட்வொர்க் சூழலாக) இருக்கும். அதற்குள் நுழைந்து பிங் செய்து பார்க்கலாம். ஓவிஎன் முறையில் அந்த நேம்ஸ்பேஸ் கிடையாது, ரவுட்டர் முழுவதும் ஃபுளோ விதிகளாகவே இருக்கும். ஓவிஎன் ட்ரேஸ் கருவியைக் கற்க வேண்டும். உற்பத்திச் சூழல்கள் ஓவிஎன் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தாலும், கண்ணால் பார்த்துக் கற்பதற்குப் பழைய முறையே உகந்தது என்று நினைக்கிறேன். மெய்நிகர் கணினி எழுந்தும் எஸ்எஸ்ஹெச் சாவி அதற்குள் வந்து சேரவில்லையென்றால், 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரிக்கு உள்ளிருந்து பதில் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

பயிற்சிக் கூடம் என்பதால் இன்னொன்றும் வரும்: ஒவ்வொரு மாணவரும் தமக்கென்று ஓர் ஓப்பன்ஸ்டேக்கை உங்கள் மெய்நிகர் கணினிகளுக்குள் நிறுவ விரும்புவார். கேவிஎம்மில் உள்ளடுக்கு மெய்நிகராக்கம் இயக்கத்தில் இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். பலரும் தவறவிடுவது நியூட்ரானின் போர்ட் பாதுகாப்பு. ஒரு போர்ட்டுக்கு ஒதுக்கிய மேக், ஐபி முகவரிகளைத் தவிர வேறு முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டுகளை அது போலி என்று கருதிக் கைவிடும். உள்ளே இருக்கும் கிளவுடின் ரவுட்டர்களும் ஃபுளோட்டிங் ஐபிக்களும் அப்படிப்பட்டவையே. உள்கிளவுடின் வெளி இடைமுகமாக இருக்கும் போர்ட்டில் அந்தப் பாதுகாப்பை அணைத்துவிடுங்கள். மேலாண்மைப் போர்ட்டில் அணைக்காமல், பகிர்ந்த மெய்நிகர் ஐபியை மட்டும் அனுமதிக்கப்பட்ட முகவரியாகச் சேர்த்தால் போதும். எம்டியுவும் அடுக்கடுக்காகக் குறையும்: வெளியே 1450 என்றால் உள்ளே 1400.

ஒரே சுவிட்சில் இரண்டு மாணவர் குழுக்கள் தனித்தனியாகக் கொல்லா-ஆன்சிபிளை ஓட்டினால் இன்னொரு மோதல் காத்திருக்கிறது. பகிர்ந்த ஐபியைத் தாங்கும் கீப்அலைவ்டு சேவை, மெய்நிகர் ரவுட்டர் எண் 51 என்பதையே இயல்பாக எடுத்துக்கொள்ளும். இரு குழுக்களும் அதே எண்ணில் அறிவிப்பு செய்தால் பகிர்ந்த ஐபி இரண்டில் ஒரு பக்கத்தில் காணாமல் போகும். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு எண் கொடுங்கள். அந்த ஐபியும் வேறு யாரும் பயன்படுத்தாத முகவரியாக இருக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கணினிகளுக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு சுவிட்சை நேரடி மின்சாரத்தில் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. மூன்று கணினிகளிலும் கட்டுப்பாட்டுச் சேவைகள் ஓடினால், சுவிட்ச் அணைந்தவுடன் ஒவ்வொரு கணினியும் தான் தனித்துவிட்டதாக எண்ணும்; பெரும்பான்மை இல்லாத நிலையில் மரியாடிபி தரவுத்தளத்தின் கலேரா தொகுப்பு எழுதுவதை நிறுத்திவிடும். சுவிட்சும் நடு ரவுட்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுச் சேவைகளை ஒரே கணினியில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. உயர்கிடைப்பைக் கற்பிப்பது நோக்கமில்லை என்றால் அதையே செய்யுங்கள். பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவிக்கப்படும் நாளில், முந்தைய இரவே மெய்நிகர் கணினிகளை அணைத்து, பிறகு அவற்றை ஓட்டும் கம்ப்யூட் கணினிகளையும் கடைசியாகக் கட்டுப்பாட்டுச் சேவைகள் ஓடும் கன்ட்ரோலரையும் அணையுங்கள். எழுப்பும்போது சுவிட்ச், நடு ரவுட்டர், கன்ட்ரோலர், அது முழுதாக எழுந்த பின் மற்ற இரண்டு கணினிகள் என்ற வரிசை. மூன்றும் ஒரே நேரத்தில் திடீரென அணைந்து கலேரா எழ மறுத்தால் கையால் எதையும் திருத்தாதீர்கள். மரியாடிபியை மீட்பதற்கென்றே கொல்லா-ஆன்சிபிளில் தனிக் கட்டளை உண்டு, யாரிடம் கடைசித் தரவு இருக்கிறது என்பதை அதுவே கண்டறிந்து அங்கிருந்து தொடங்கும். அதற்குப் பிறகும் மெய்நிகர் கணினிகள் எழாவிட்டால் மூன்று கணினிகளின் கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்த பழைய கணினி தவறான தேதியோடு எழுந்து, நேரத்தைச் சரிசெய்யும் குரோனி அதைத் திருத்துவதற்குள் சேவைகள் தொடங்கிவிட்டால், ஏஜென்ட்டுகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் அவற்றைச் செயலற்றவை என்றே நியூட்ரான் காட்டும்.